தனித்திருத்தலும் தனித்து விடப்படுதலும்



தனித்திருத்தல் வேறு, தனித்து விடப்படுதல் வேறு. முன்னதை அருளாளர்கள் நாடிச் சென்றனர். பின்னது எவரும் நாடாமலே வந்து சேர்வது. மாலை வேளையில் திருக்கோயில் பிராகாரத்தில் தூணோரம் அமர்ந்திருப்போருள் இவ்விரு வகையினரும் உளர். தியானத்தில் ஆழ்ந்தவர் ஒருவர். வீட்டிற்குச் சென்றால் பேசுவதற்கு ஆளில்லாதவர் மற்றொருவர். பார்வைக்கு இருவரும் ஒன்றுபோலவே தோன்றுவர். ஏகாந்தத்தின் பெருமையை மேடையில் எடுத்துரைப்பது எளிது. விடப்பட்டவர் செவியில் அது எவ்வாறு ஒலிக்கும் என்பதையும் எண்ணுதல் வேண்டுமன்றோ?

காரைக்காலில் தனதத்தனின் திருமகளாய்த் தோன்றிய புனிதவதியார் தனிமையை விரும்பியவர் அல்லர். பரமதத்தனின் இல்லக்கிழத்தியாய், அடியார்க்கு அமுதளித்து, நிறைவாக வாழ்ந்தவர். இறையருளால் வந்த மாங்கனியின் அற்புதத்தைக் கண்ட கணவனோ, இவர் மானுடப் பெண் அல்லர் என்று அஞ்சினான். வாணிகத்தின் பொருட்டுக் கலம் ஏறிச் சென்றவன் திரும்பவில்லை. பாண்டி நாட்டில் வேறொரு மணம் புரிந்துகொண்டான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். அவனைத் தேடிச் சென்ற அம்மையாரின் திருவடிகளில் மனைவியுடனும் மகளுடனும் விழுந்து வணங்கினான். வணக்கம் கிடைத்தது, வாழ்வு கிடைக்கவில்லை! எப்பிழையும் செய்யாத ஒருவர்க்கு இதனினும் கொடிய தனிமை உண்டோ?

கணவனுக்காகத் தாங்கிய எழிலுடலை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றார் அம்மையார். கயிலையைக் காலால் மிதியாது தலையால் நடந்து சென்றவரை, இறைவன் தம் வாயால் ‘அம்மையே’ என்று அழைத்தருளினார். பின்னர்த் திருவாலங்காட்டில் ஐயன் ஆடும் திருவடிக்கீழ் என்றும் இருக்கும் பேறு பெற்றார். மனிதர் அஞ்சி விலகும் சுடுகாட்டையே ஆடரங்காகக் கொண்ட பெருமான், மனிதரால் அஞ்சி விலக்கப்பட்டவரைத் தம் அருகில் இருத்திக்கொண்டார் என்பது உணரத்தக்கது. அறுபத்து மூவர் வரிசையில் அம்மையார் மட்டும் அமர்ந்த கோலத்தில் காட்சி தருவதை அன்பர்கள் பல சிவாலயங்களில் கண்டிருப்பர்.

தாமே விரும்பித் தனித்திருந்தவர்க்கு ஓர் எடுத்துக்காட்டு, பகவான் ரமண மகரிஷி. 1896 ஆகஸ்டு 29ஆம் நாள், பதினாறு வயது வேங்கடராமன், தேட வேண்டா என்று ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு மதுரையை நீங்கினார். தமையனாரின் கல்லூரிக் கட்டணத்திற்கென இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை வழிச்செலவிற்கு எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயைக் கடிதத்துடன் வைத்தார். செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். ஆயிரக்கால் மண்டபத்தின் கீழுள்ள பாதாளலிங்கக் குகையில், பூச்சிகள் கடித்துத் தொடைகள் புண்ணானதும் அறியாது அமர்ந்திருந்தார்.

அத்தனிமையின் மறுபக்கம் ஒன்று உண்டு. கணவரை 1892இல் இழந்த அன்னை அழகம்மையார், நான்கே ஆண்டுகளில் மகனையும் காணாது தவித்தார். இருக்குமிடம் தெரிந்து, 1898இல் பவழக்குன்றுக்கு வந்தார். வீட்டிற்கு வருமாறு நாள்தோறும் கெஞ்சினார், அழுதார். மகன் மௌனம் கலைக்கவில்லை. அருகிலிருந்தோர் வேண்டியதன்பேரில், அவரவர் வினைவழியே யாவும் நடக்கும் என்ற கருத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அன்னை வெறுங்கையுடன் ஊர் திரும்பினார். ஞானியின் உறுதியைப் போற்றுவோர், அன்னை திரும்பி நடந்த அவ்வழியையும் சற்றே நினைத்தல் தகும்.

1914இல் தரிசனத்திற்கு வந்த அன்னை கடும் காய்ச்சலுற்றார். உடனிருந்து பணிவிடை செய்தவர் அம்மகனே! அன்னை நலம்பெற அருணாசலேசுவரரை வேண்டிப் பாடலும் இயற்றினார். 1916இல் அன்னை நிலையாகவே மலைக்கு வந்து சேர்ந்தார். உறவைத் துறந்து வந்தவர் இனி இங்கிருந்தும் அகன்று விடுவாரோ என்று அடியார் சிலர் கலங்கினர். பகவான் அகலவில்லை. அவ்வாண்டே விரூபாட்ச குகையினின்று கந்தாசிரமத்திற்குக் குடிபெயர்ந்தனர். அதுவரை பிட்சையில் நடந்த இடத்தில் அன்னை அடுப்பு மூட்டினார். துறவியின் தனிமைக்குள் ஒரு தாயின் சமையலும் இடம்பெற்றது.

1922 மே 19ஆம் நாள் அன்னையின் இறுதி வேளை. பகவான் ஒரு கையை மார்பிலும் மறு கையைத் தலையிலும் வைத்தவாறு பல மணி நேரம் அருகிலேயே இருந்தார். மலையடிவாரத்தில் பாலிதீர்த்தத்தின் அருகே அன்னையின் திருமேனி சமாதி செய்யப்பெற்றது. மலையிலிருந்து இறங்கி அவ்விடத்திற்கு வந்து சென்றுகொண்டிருந்த பகவான், அவ்வாண்டின் இறுதியில் அங்கேயே தங்கிவிட்டார். சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது. மனிதரை விட்டு மலையேறியவர், அதன்பின் தமக்கெனத் தனியறை கொள்ளாது, வருவோர் யாவர்க்கும் திறந்திருந்த கூடத்திலேயே வாழ்ந்தார்.

அன்னையின் சமாதிமீது எழுந்த மாத்ருபூதேசுவரர் திருக்கோயிலுக்கு 1949 மார்ச் திங்களில் குடமுழுக்கு நடைபெற்றது. கையில் கட்டி தோன்றிச் சிகிச்சை பெற்று, உடல் தளர்ந்திருந்த அந்நாளிலும், பகவான் அங்கு எழுந்தருளியிருந்தார்.