வலவனும் வானவூர்தியும்



தமிழ் கற்பிக்கும் ஒருத்திக்கு விமானத்தில் என்ன வேலை என்று தோன்றலாம். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறப்பாட்டில், புலவர் பாடும் புகழுடையோர் செலுத்துவோன் இன்றித் தானே செல்லும் விண்ணூர்தியை எய்துவர் என்றொரு கருத்து வருகிறது. இதைக் கொண்டு நம் முன்னோர் விமானம் கண்டனர் என வாதிட நான் வரவில்லை. அது மறுமைப்பேறு பற்றிய கற்பனை. செலுத்துவோனை அவர் 'வலவன்' என்கிறார். அச்சொல்லே எனக்கு வேண்டியது. தேர்வலவன் கடிவாளத்தின் இழுப்பிலேயே குதிரையின் நிலையை அறிவான். வானூர்தியின் வலவன் இன்று எதனால் அறிகிறான்?

1950களில் பெருங்கடல் கடந்த விமானங்களில் தலைமை விமானி, துணை விமானி, பொறியாளர், வழி கணிப்பவர், வானொலி இயக்குபவர் என ஐவர் வரை பணியாற்றியதுண்டு. இன்று இருக்கைகள் இரண்டே. மற்றவர் பணியைக் கருவிகள் ஏற்றன. புறப்பட்ட சிறிது நேரத்தில் தானியங்கியிடம் ஒப்படைக்கப்படும் ஊர்தி, பெரும்பாலும் தரையிறங்கும் வேளையில்தான் மனிதக் கைக்குத் திரும்புகிறது. பயணம் முன்னெப்போதையும்விடப் பாதுகாப்பாயிற்று, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் செலுத்தும் திறன் இருந்த இடத்தில் கண்காணிக்கும் திறன் வந்தமர்ந்தது. பிழையே செய்யாத ஒன்றை மணிக்கணக்காக விழிப்போடு நோக்கியிருப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தேர்வறையில் மேற்பார்வை செய்த ஆசிரியர்கள் அறிவார்கள். கருவி கைவிடும் அரிய வேளையில்தான் மனிதன் அழைக்கப்படுகிறான். பழக்கமின்மையால் அவன் கை அப்போது மழுங்கியிருக்கும். இம்முரணை லிசான் பெயின்பிரிட்ஜ் என்னும் உளவியலறிஞர் 1983ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

2009 ஜூன் 1 அன்று அது நிகழ்ந்தது. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் 447, அட்லாண்டிக் கடலின்மேல் 35,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. தலைமை விமானி ஓய்வுக்குச் சென்றிருந்தார். வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனித்துகள் அடைத்தது. அளவுகள் முரண்படவே தானியங்கி விலகிக்கொண்டது. ஊர்தி அப்போதும் செம்மையாகவே பறந்தது; அதை அப்படியே நிலையாக வைத்திருந்தால் போதும். செலுத்திய துணை விமானியோ இயக்குகோலைப் பின்னிழுத்தார். மூக்கு நிமிர்ந்து 38,000 அடிவரை ஏறிய ஊர்தி, சிறகின் தாங்குவிசையை இழந்து வீழத் தொடங்கியது. எச்சரிக்கைக் குரல் பலமுறை ஒலித்தது. வேகம் மிகக் குறைந்தபோது, அளவு நம்பத்தக்கதன்று எனக் கணிப்பொறி கருதியதால் அக்குரல் நின்றது. மூக்கைத் தாழ்த்தியபோது மீண்டும் ஒலித்தது! சரியானதைச் செய்தால் எச்சரிக்கை, தவறானதைச் செய்தால் அமைதி. அவ்விமானத்தில் இருவர்தம் இயக்குகோல்களும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை அல்ல. ஒருவர் இழுப்பதை மற்றவர் கை உணராது. கடிவாளம் இருந்தது, அதன் இழுப்பு இல்லை. தலைமை விமானி திரும்பி வந்தும் நிலைமை விளங்கவில்லை. தானியங்கி விலகிய நான்கரை நிமிடத்துக்குள் 228 உயிர்கள் கடலில் மறைந்தன.

அவ்விளைஞர்களைத் திறனற்றவர் என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. அவர்களிடம் கேட்கப்பட்ட திறனை அவர்கள் கற்றிருந்தனர். அந்த இரவு கேட்டது வேறொன்று.

தகுந்த வேளைகளில் விமானிகள் கையால் செலுத்துவதை ஊக்குவிக்குமாறு அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் 2013இல் விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. 29,000 அடிக்கு மேல் விமானங்கள் ஆயிரம் அடி இடைவெளியில் அடுக்கடுக்காகச் செல்வதால், அங்கு உயரத்தைத் தானியங்கியே காக்கவேண்டும் என்பது விதி. 447இன் விமானிகள் திகைத்து நின்ற அந்த உயரத்தில், பயணிகளோடு செல்கையில் கையால் செலுத்திப் பழக வழியில்லை. தரையில் உள்ள பயிற்சிக்கூடப் பொறியில்தான் அதைப் பழக வேண்டியிருக்கிறது.