காயம் ஆறி வந்தவருக்குப் பழைய இடமா?



சிங்கப்பூரில் தேக்காவை ஒட்டி இரண்டு ஆட்டக் களங்கள் பெயர் பெற்றவை. ஒன்று ஃபேரர் பார்க் திடல். மற்றொன்று 1929ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கம். அங்கே பந்து உதைத்தவர்களுக்கும், தோட்டத்துத் திடலில் மாலை வேளையில் ஆடும் நம் பிள்ளைகளுக்கும் பொதுவான வழக்கு ஒன்று உண்டு. குழுவில் ஒருவருக்குக் காலில் அடிபடுகிறது. அவருக்குப் பதிலாக இறங்கியவர் நன்றாக ஆடுகிறார். அடிபட்டவர் குணமாகித் திரும்புகிறார். இப்போது அந்த இடம் யாருக்கு?

உலகம் அறிந்த இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கோலடி வீரர் ஜிம்மி கிரீவ்ஸ் பிரான்சுடன் நடந்த ஆட்டத்தில் காலில் காயமடைந்தார். அவருடைய இடத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் இறங்கினார். இறுதியாட்டத்துக்குள் கிரீவ்ஸ் குணமடைந்துவிட்டார். ஆனாலும் பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சே ஹர்ஸ்டையே ஆட வைத்தார். ஹர்ஸ்ட் மூன்று கோல்கள் போட்டார், இங்கிலாந்து வென்றது.

அடுத்தது நம் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்தது. 2016 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிரான கிரிக்கெட் டெஸ்ட் ஆட்டம். அஜிங்கிய ரஹானே விரல் காயத்தால் ஆடவில்லை. அந்த ஆட்டத்தில் இளைஞர் கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 ஓட்டங்கள் குவித்தார். அடுத்த டெஸ்ட் 2017 பிப்ரவரியில் ஐதராபாத்தில் நடந்தது. ரஹானே திரும்பினார், கருண் வெளியே உட்கார்ந்தார். ஓர் ஆட்டத்தின் சாதனை, ரஹானேயின் ஈராண்டு உழைப்பை மறைத்துவிட முடியாது என்பது தலைவர் விராட் கோலியின் வாதம். ரஹானே 82 ஓட்டங்கள் எடுத்தார். கருணுக்கு அடுத்த மாதம் வாய்ப்புக் கிடைத்தது, அவர் சோபிக்கவில்லை. பிறகு 2025 வரை அவர் டெஸ்ட் ஆடவே இல்லை.

இரண்டு தீர்ப்புகளும் நேர் எதிரானவை. இரண்டிலும் தேர்ந்தவர் நன்றாகவே ஆடினார். ஆகவே முடிவை மட்டும் பார்த்து நியாயத்தை அளக்க முடியாது.

இடம் போய்விடும் என்ற பயம் இருந்தால் என்ன நடக்கும்? பிள்ளை வலியை மறைப்பான். ஆறாத காலோடு ஓடுவான். சிறு காயம் பெருங்காயமாகும். இடம் கட்டாயம் திரும்பக் கிடைக்கும் என்றாலோ, பதிலுக்கு ஆடியவன் எவ்வளவு பாடுபட்டாலும் பயனில்லை என்று சோர்ந்துவிடுவான்.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது. பால்மரம் வெட்டும் தொழிலாளி காய்ச்சலில் படுத்தால், அவருடைய நிரையை வேறொருவர் வெட்டலாம். குணமாகி வந்ததும் அந்த நிரை அவருக்கே சேர வேண்டும். அது வயிற்றுப் பிழைப்பு. அங்கே போட்டிக்கு இடமில்லை. ஆட்டக் குழுவில் இருப்பதோ அன்றன்றைய திறனுக்குக் கிடைக்கும் இடம். இரண்டையும் ஒரே படியால் அளக்கலாகாது.

ஆகவே, திரும்பி வருபவருக்கு உறுதியாகத் தர வேண்டியது நியாயமான வாய்ப்பு. பழைய இடமே அல்ல. நம் தோட்டக் குழுக்கள் மூன்று விதிகளை வைத்துக்கொள்ளலாம். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே ஆட்டம். முதலில் பயிற்சியாட்டத்தில் இருவரும் ஆடிக் காட்ட வேண்டும். யாரைத் தேர்ந்தாலும், பட்டியலை ஒட்டுவதற்கு முன்பே இருவரையும் அழைத்துக் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது விதியே முக்கியம். இடம் இழந்ததைவிட, காரணம் தெரியாமல் இழந்ததுதான் பிள்ளையின் மனத்தை அதிகம் வாட்டும். வீட்டிலே பெற்றோரும், "உன் இடத்தைப் பறித்துவிட்டான்" என்று தூபம் போடாமல், "அடுத்த ஆட்டத்துக்குத் தயாராகு" என்று தட்டிக்கொடுப்போம்.