திரையிட்டுக் காட்டும் பண்பு



நம் ஊர்களிலே இழவு சொல்லச் செல்பவர், வாசலில் நின்று செய்தியை உரத்துக் கூறிவிடுவதில்லை. வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரைத் தனியே அழைத்து, அவர் மனத்தை ஓரளவு ஆயத்தப்படுத்திய பின்னரே வாய் திறப்பார். செய்தியை மறைப்பது அவர் நோக்கமன்று. அதனைத் தாங்கிக்கொள்வதற்குக் கேட்பவருக்கு ஒரு கணம் இடந்தருவதே நோக்கமாகும். இந்தப் பழைய ஒழுங்கை, இணையத்திலே படங்களைப் பகிரும் இக்காலத்தில் நாம் எவ்வாறு கைக்கொள்வது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

பேஸ்புக் போன்ற பெரிய சமூக வலையமைப்புகளை நீங்கள் அறிவீர்கள். அங்கே நிறுவனம் ஒன்று, விதியும் ஒன்று. 2016ஆம் ஆண்டிலே ஒய்கன் ரொச்கோ என்னும் மென்பொருள் வல்லுநர் ஜேர்மனியிலிருந்து தொடக்கிய மாஸ்டடன் என்பது வேறு வகையினது. அதற்குத் தலைவாசல் ஒன்றில்லை. வழங்கிகள் எனப்படும் கணினி நிலையங்கள் ஆயிரக்கணக்கில் தனித்தனியே இயங்குகின்றன. ஒவ்வொன்றும் ஓர் அஞ்சலகம் போன்றது. அதற்கெனப் பொறுப்பாளரும் விதிகளும் உண்டு. ஆயினும் ஓர் அஞ்சலகத்தில் இட்ட கடிதம் மற்றோர் அஞ்சலகத்தைச் சேர்வது போல, ஒன்றிலே வெளியிட்ட படம் மற்றவற்றிலும் சென்று தோன்றும். அவை பேசிக்கொள்ளும் பொது நெறி அக்டிவிட்டிபப் எனப்படும். 2018 ஜனவரியிலே உலகளாவிய வலைச் சேர்த்தியம் அதனைத் தன் பரிந்துரையாக ஏற்றது. படங்களுக்கென அமைந்த பிக்சல்பெட், யப்பானிலே தோன்றிய மிஸ்கி ஆகியனவும் அந்நெறியையே பின்பற்றுகின்றன. 2024 பெப்ரவரியிலே யாவருக்கும் திறந்துவிடப்பட்ட புளூஸ்கை மட்டும் வேறொரு நெறியில் இயங்குகின்றது.

எந்தப் படத்தைத் திரையிட்டுக் காட்டவேண்டும்? இரத்தம், காயம், சடலம், நிர்வாணம் என்பன எவருக்கும் தோன்றும் விடைகள். ஆனால் படத்தின் கடுமை படத்தில் மட்டும் இல்லை. பார்ப்பவரின் வாழ்விலும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்த கரையிலே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, பேரலையின் படம் வெறும் இயற்கைக் காட்சியாகுமா? 2009 வரை நீடித்த போரிலே வீடிழந்தவருக்கு, இடிந்த சுவரின் படம் வெறும் செய்திப் படமாகுமா? நம் நாட்டிலே இத்தகையோர் மிகப் பலர். ஆகவே இவ்விடயம் நமக்கு நாகரிகப் பேச்சன்று. அயலவர் மனத்தைக் காக்கும் கடமையாகும்.

இனி, திரை இடும் முறைகளைப் பார்ப்போம். மாஸ்டடனில் இரண்டு வசதிகள் உள. ஒன்று, படத்தை உணர்திறன் மிக்கது எனக் குறித்தல். அவ்வாறு குறித்தால் படம் மங்கிய வண்ணங்களாகத் தோன்றும். பார்ப்பவர் தாமே தொட்டால்தான் தெளிவாகும். மற்றையது, பதிவின் மேலே ஓர் எச்சரிக்கை வரி எழுதுதல். இவ்வரியை எழுதுவதிலேதான் பண்பு தெரியும். ‘எச்சரிக்கை’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை; அது ஆவலைத் தூண்டவே செய்யும். ‘வீதி விபத்து, இரத்தம் தெரிகின்றது’ என்று எழுதினால், பார்ப்பதா விடுவதா என்பதை ஒருவர் அறிந்து முடிவு செய்யலாம். பலர் தாம் காண விரும்பாத சொற்களை முன்னரே கொடுத்து, அச்சொற்கள் உள்ள பதிவுகளை வடிகட்டி வைத்திருப்பர். ஆகையால் எல்லோரும் வழங்கும் எளிய சொல்லையே எழுதுதல் வேண்டும். மூன்று மொழிகள் வழங்கும் நம் நாட்டிலே, அந்த ஒரு வரியை மற்றொரு மொழியிலும் சேர்த்து எழுதுவது நன்று.

இடத்துக்கு இடம் வழக்கம் மாறும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். மாஸ்டடனில் ஒரு பதிவிலுள்ள படங்கள் அனைத்துக்கும் திரை ஒன்றே. மிஸ்கியிலோ ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே குறிக்கலாம். புளூஸ்கையில் நிர்வாணம், கொடுங்காட்சி முதலிய வகைப்பெயர்கள் முன்னரே வகுக்கப்பட்டுள்ளன. பொருந்துவதைத் தெரிந்தெடுத்துக் குறிக்கவேண்டும். பார்ப்பவர் அவ்வகையை மறைக்கவோ, எச்சரிக்கையோடு காட்டவோ தமக்கேற்ப ஒழுங்கு செய்யலாம். ஓரிடத்திலே இட்ட குறி மற்றோரிடத்திலும் அவ்வண்ணமே விளங்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. ஆதலின் ஒரே படத்தைப் பல வலையமைப்புகளில் இடுபவர், ஒவ்வொன்றிலும் புதிதாகக் குறியிடுவதோடு, பதிவின் முதல் வரியிலும் எச்சரிக்கையை எழுதிவிடுதல் நலம். மென்மையான படத்தையும் கொடிய படத்தையும் ஒரே பதிவிற் கலவாதிருப்பதும் நன்று.

பார்வையற்றோர்க்காகப் படத்தின் விபரத்தை எழுதி வைக்கும் வசதியும் உண்டு. அவர்களுடைய கருவி அதனை வாசித்துக் காட்டும். அங்கும் உள்ளதை உள்ளவாறு அளவோடு சொல்லவேண்டும். கண்ணுக்குத் திரையிட்டுவிட்டுக் காதிலே கொடுமையை ஊற்றலாகாது.

‘திரையிடுவது உண்மையை மறைப்பதாகாதா? கொடுமையை உலகம் காணவேண்டாமா?’ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. சில படங்கள் சாட்சியங்கள். அவை வெளிவரத்தான் வேண்டும். ஆனால் திரை வேறு, சுவர் வேறு. சுவர் தடுக்கும், திரையோ விரும்பியவர் கையால் விலகும். காணத் துணிந்து திறப்பவர், திடுக்கிட்டு முகந்திருப்புபவரைக் காட்டிலும் கருத்தூன்றிப் பார்ப்பார். சாட்சியத்துக்கு அதுவே வேண்டியது.

இறுதியாக, எல்லாவற்றிலும் பெரிய ஒன்று. 2019 மார்ச் 15ஆம் நாள் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரிலே இரு பள்ளிவாசல்களிற் கொலை புரிந்தவன், அதனை நேரடியாகப் பேஸ்புக்கில் ஒளிபரப்பினான். முதல் 24 மணி நேரத்தில் அக்காட்சியின் பிரதிகள் 15 இலட்சத்தைத் தான் அகற்றியதாகவும், அவற்றுள் 12 இலட்சத்துக்கு மேற்பட்டவை ஏற்றும்போதே தடுக்கப்பட்டன என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. ஒரே தலைவாசல் உடைய இடத்திலேயே இந்நிலை என்றால், ஆயிரம் வாசல்கள் உள்ள இடத்தில் எப்படி இருக்கும்? மாஸ்டடனில் ஒரு பதிவை நீக்கினால், நீக்கும்படியான வேண்டுகோள் மற்றைய வழங்கிகளுக்குச் செல்லும். அவை பெரும்பாலும் இணங்கும். இணங்கியே தீரும் என்பதற்கு உறுதியில்லை. படத்தைத் தம் கருவியிற் சேமித்து மீண்டும் வெளியிடுபவரிடம் நாம் இட்ட திரையும் செல்லாது.

ஆகவே, திரையைப் பற்றிய கேள்விக்கு முன்னே மற்றொரு கேள்வி உண்டு: படத்திலுள்ளவர் இதற்கு இசைவாரா? காயமுற்றுக் கிடப்பவர் வாய் திறந்து சொல்ல முடியாது. இறந்தவர் சொல்லவே முடியாது. அவர் தாயோ, பிள்ளையோ, இந்தப் படத்தின் மூலமாகவே அச்செய்தியை முதன்முதலாக அறிய நேருமோ என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஐயம் எழுந்தால் வெளியிடாதிருங்கள். வெளியிடத்தான் வேண்டுமென்றால், முகத்தை மறைத்து, திரையிட்டு, என்ன படம் என்பதைத் தெளிவாகச் சொல்லி வெளியிடுங்கள்.