கைக்கு அடங்கிய கருவி

(கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விலையுயர்ந்த படைக்கலம் எவன் கையில் உள்ளதோ அவனே வெல்வான் என்னும் எண்ணம் உலகெங்கும் வேரூன்றிக் கிடக்கின்றது. படைக்கலம் விற்போர்க்கு அவ்வெண்ணம் நல்ல ஊதியம் தருவது. அதனை வியத்துநாம் மண் இருமுறை உடைத்துக் காட்டியது. முதலில் பிரஞ்சுப் படையிடத்தும், பின்னர் அமெரிக்கப் படையிடத்தும்.

ஒரு துமுக்கியின் (துப்பாக்கியின்) கதையைக் கேளுங்கள். 1960-களின் நடுவில் எம்-16 என்னும் புதுத் துமுக்கி அமெரிக்கப் படைஞர்க்குத் தரப்பெற்றது. எடை குறைவு, குறி தப்பாது. அறிவியலின் அரும்பேறென்று அதனைப் போற்றினர். தன்னைத்தானே துடைத்துக் கொள்ளும் துமுக்கி என்ற பேச்சுங்கூடப் பரவிற்று. அப் பேச்சை மெய்யென்று கொண்டாற்போல், துடைகோல் முதலிய துப்புரவுப் பொருள்கள் போதிய அளவு உடன் அனுப்பப்பெறவில்லை. வடிவமைத்தவர் கருதிய வெடிமருந்தை விட்டுவிட்டு, வேறுவகை மருந்தைப் படைத்துறையினர் நிரப்பினர். அது கரியை மிகுதியாகப் படியவைத்தது. சுடும் விரைவையும் அளவு கடந்து கூட்டியது. வெடியறையின் உட்புறத்திற்குத் துருவைத் தடுக்கும் குரோமியப் பூச்சும் இல்லை. எஞ்சிய வேலையை வியத்துநாமின் மழையும் சேறும் செய்து முடித்தன.

சுட்டபின் வெற்றுறை வெளியே தெறிக்காமல் உள்ளேயே சிக்கிக்கொண்டது. பகைவன் எதிரே வரும்போது, குழல்வாயில் கோலை விட்டு அவ்வுறையைக் குத்தித் தள்ளவேண்டிய இரங்கத்தக்க நிலை! கழற்றிய துமுக்கி அருகிற் கிடக்க இறந்துபோன இளைஞரைப் பற்றிய செய்திகள் அமெரிக்க வீடுகளை எட்டின. அந்நாட்டு மக்களவையின் குழுவொன்று 1967-இல் உசாவிப் படைத்துறையைக் கடுமையாகக் குறைகூறிற்று.

எதிரில் நின்றவன் கையில் இருந்ததோ ஏ.கே-47, பெரும்பாலும் சீனத்திற் செய்யப்பெற்ற படி. அதனை ஆக்கியவர் கலாசுனிக்கோவ் என்னும் உருசியர். தகரிப் (டாங்கிப்) படையில் இருந்தவர். 1941-இற் புண்பட்டு மருத்துவமனையிற் கிடந்தபோது துமுக்கி வடிவமைக்கத் தலைப்பட்டவர். 1949-இல் அது உருசியப் படையின் கருவியாயிற்று. எம்-16-ஐ விட அது கனமானது. தொலைவிலுள்ள குறியை அத்துணைத் திருத்தமாக அடிப்பதுமன்று. ஆனால், அதன் உறுப்புகளுக்கிடையே வேண்டுமென்றே இடம் விட்டிருந்தனர். புழுதி புகுந்தாலும் அவை ஓடும். ஏர் பிடித்த கை சில நாளிலேயே அதனைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொண்டது.

நடுநிலை பிறழாமல் ஒன்றைச் சொல்லவேண்டும். எம்-16-இன் குறைகள் பின்னர்க் களையப்பெற்றன. அதன் வழிவந்த துமுக்கிகள் இன்றும் பல நாட்டுப் படைகளில் உள்ளன. குறை களைந்த வழிதான் கருதத்தக்கது. பூச்சு இட்டனர், துடைகோல் தந்தனர். அவற்றோடு 1968-இல், வில் ஐசுனர் என்னும் படக்கதை ஓவியரைக் கொண்டு, எளிய பேச்சு நடையில் படங்களோடு ஒரு கையேடும் வெளியிட்டனர். வல்லரசின் படைத்துறைக்கே, படைஞனுக்கு விளங்கும் மொழியில் கருவியைப் பற்றிச் சொல்லவேண்டும் என்பது அத்துணைச் சாவுகளுக்குப் பின்னரே புலனாயிற்று.

இதனால் எளிய கருவியே போதும் என்று முடிவு கட்டிவிடலாகாது. 1954-இல் தியன் பியன் பூவில் பிரஞ்சுப் படையை வீழ்த்தியவை பெருங்குழல்கள் (பீரங்கிகள்). காடும் மலையும் கடந்து அவற்றைக் கொணர முடியாதென்று பிரஞ்சியர் நம்பினர். வியத்துநாமியர் அவற்றைக் கயிறு கட்டித் தோளால் இழுத்து மலைமேல் ஏற்றினர். உணவையும் வெடிமருந்தையும் சுமந்து வந்தவற்றுள் 20,000 மிதிவண்டிகள் இருந்தன. கைப்பிடியில் ஒரு மூங்கில், இருக்கைத் தண்டில் ஒரு மூங்கில். ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டே நடந்தால் 200 கிலோவுக்கு மேலும் சுமக்கும். அவற்றுட் பல பிரஞ்சு நாட்டில் செய்யப்பெற்றவை என்பது வேடிக்கை! மார்ச்சு 13-இல் தொடங்கிய முற்றுகை மே 7-இல் முடிந்தது. பிரஞ்சுப் பெருங்குழற் படைத்தலைவர் பிரோத்து, முற்றுகை தொடங்கிய சில நாளிலேயே தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

அந்நாட்டிற்குக் கருவியறிவு எங்கிருந்து வந்தது? திரான் தாய் நிகியா என்னும் பொறிஞர் 1935-இல் பிரஞ்சு நாடு சென்று கற்றவர். படைக்கல நூல்களைத் தேடித்தேடிப் படித்தவர். 1946-இல் ஓ சி மின்னுடன் தாய்நாடு திரும்பினார். தோளில் வைத்துத் தகரியைத் தாக்கும் ஏவுகுழல், அவர் வழிகாட்டலில், 1947-இலேயே களத்திற்கு வந்துவிட்டது.

அவர் கற்றது பிரஞ்சில். பட்டறையிற் கற்பித்தது வியத்துநாமியத்தில். அதற்கு மொழி அணியமாக இருந்தது. ஓவாங் சுவான் ஆன் என்னும் அறிஞர் 1942-இலேயே அறிவியற் கலைச்சொல் தொகுதியை வெளியிட்டிருந்தார். விடுதலை அறிவித்த 1945-ஆம் ஆண்டிலேயே அனோய்ப் பல்கலைக்கழகத்திற் பிரஞ்சு நீங்கித் தாய்மொழி ஏறிற்று. பின்னர்ப் போர் மூண்டு கல்லூரி காட்டுக்குப் பெயர்ந்தபோதும் மருத்துவம் தாய்மொழியிலேயே கற்பிக்கப்பெற்றது. (அண்ணா பல்கலைக்கழகத்திற் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழில் தொடங்கப்பெற்றது 2010-இல், அதற்கும் இதற்கும் இடையே அறுபத்தைந்து ஆண்டுகள்! தமிழிற் சொல் ஏது என வினவுவோர் இக் கணக்கைப் போட்டுப் பார்ப்பாராக.)

1972 திசம்பரில் அமெரிக்கரின் பெருங்குண்டு வானூர்திகளாகிய பி-52-கள் அனோய் மீது பறந்து வந்தன. கதுவீக்களை (ரேடார்களை) மயக்கும் மின்னணுக் கருவிகளை அவை தாங்கியிருந்தன. தரையில் இருந்தவை உருசிய ஏவுகணைகள். எளிய கருவிகள் அல்ல. எனினும், அம் மயக்கத்தின் ஊடே குறியைக் காண்பது எப்படி என்பதைப் படைஞர் பன்முறை பட்டறிந்து, சிவப்பு அட்டையிட்ட சிறு கையேடாகத் தம் மொழியில் தொகுத்து வைத்திருந்தனர். பி-52-களில் 15 வீழ்ந்தன என்பது அமெரிக்கரே ஒப்பும் கணக்கு. அக் கையேடு ஏவுகணைப் பிரிவுகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது, தாக்குதலுக்குச் சில கிழமைகள் முன்னர்த்தான்.