பரமேசுவரா வாயிலில் நுழைவோர்க்கு

(யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் புதிதாகச் சேர்ந்த மாணவர் முன்னிலையில் ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நீங்கள் அமர்ந்திருக்கும் இந்நிலம் நேற்றுக் கல்விக்கு வந்த நிலமன்று. சேர். பொன். இராமநாதன் 1921 ஆம் ஆண்டிற் பரமேசுவராக் கல்லூரியைத் திருநெல்வேலியாகிய இவ்விடத்திலே நிறுவினார். அதற்கு எட்டாண்டுகள் முன்னரே, 1913 இல், மருதனார்மடத்திற் பெண்களுக்கெனக் கல்லூரி கண்டவர் அவர். அவருடைய அரசியல் முழுவதையும் நாம் ஏற்பதற்கில்லை; சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர் அவர். ஆயினும் தம் செல்வத்தை வாரிக் கல்விக்கு இறைத்தவர் என்பதை அவரை வெறுத்தவரும் மறுத்திலர்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் வட்டுக்கோட்டைக்குச் செல்ல வேண்டும். 1823 இல் அமெரிக்க மிசனரிமார் அங்கே செமினரியைத் தொடங்கினர். 1855 இல் அது மூடப்பட்டது. ஆனால் 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி. ஏ. பரீட்சையிலே தேறிய இருவரும், கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், அச்செமினரியிற் பயின்றவர்களே. கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சேற்றிய தாமோதரம்பிள்ளை அவரே. இத்தகைய மண், தனக்கொரு பல்கலைக்கழகம் பெற 1974 வரை காத்திருந்தது.

காத்திருந்து பெற்றதும் கேட்டபடி கிடைத்ததன்று. தமிழரசுக் கட்சியினர் கேட்டது திருகோணமலையில் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம். அரசு தந்ததோ இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். 1971 ஆம் ஆண்டு அனுமதியிலே தமிழ் மொழியிற் பரீட்சை எழுதியவர் மருத்துவம் பயில 250 புள்ளி பெறவேண்டியிருக்க, சிங்கள மொழியில் எழுதியவர்க்கு 229 போதுமென வைத்த அதே அரசுதான் 1974 ஒக்டோபரில் இவ்வளாகத்தைத் திறந்துவைத்தது. பலர் இதை ஐயத்தோடு நோக்கியதில் வியப்பென்ன? ஒருபுறம் வாயிலை அடைத்து, மறுபுறம் சிறு பலகணி திறப்பதாகவே அவர்களுக்குத் தோன்றிற்று. அந்த ஐயம் பிழையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பலகணியை வாயிலாக்கியவர்கள் இங்கு வந்து உழைத்தவர்கள்.

வளாகத்தின் முதற்றலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. விஞ்ஞான வகுப்புகளுக்கு இங்கு இடமின்மையால் அவை தொடக்கத்தில் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி வளாகத்திலே நடைபெற்றன. 1978 இல் மருத்துவ பீடம் வந்தது. 1979 சனவரி முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. முதற் றுணைவேந்தர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். கிராமத்துக் கூத்தைப் பேராதனை அரங்கிலேற்றிப் படித்தவர் கண்ணுக்கு அதன் பெருமையைக் காட்டியவர் அவர்.

அதன்பின் வந்தது போர். 1987 ஒக்டோபரில் இந்தியப் படையினர் இவ்வளாகத்திலே வானிலிருந்து இறங்கினர். 1989 செப்டெம்பர் 21 இல் உடற்கூற்றியற்றுறைத் தலைவி கலாநிதி ராஜினி திராணகம வீடு திரும்பும் வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பாரின் கொடுமைகளையும் எழுதத் துணிந்த குற்றத்துக்கு அவர் கொடுத்த விலை அது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது எம் ஆசிரியரும் மாணவரும் அச்சனத்திரளில் நடந்தனர். 2021 சனவரி 8 ஆம் நாள் இரவு, முள்ளிவாய்க்காலில் மாண்டோர்க்காக இங்கு எழுப்பிய நினைவுச்சின்னம் இடிக்கப்பட்டது. மாணவர் உண்ணாவிரதம் இருந்தனர். அவ்வாண்டிலேயே அது மீண்டும் எழுந்தது.

மரபு என்று நான் கூறுவது இவற்றையே. ஆனால் இன்று மாலையே உங்களிற் சிலரிடம் வேறொன்றை மரபென்று சொல்வார்கள். இன்ன நிறத்திற் சட்டை அணி, தலை குனிந்து நட, அண்ணன்மாரைக் கண்டால் ஒதுங்கி நில், இரவிற் றொலைபேசிக்கு மறுமொழி கொடு என்பார்கள். பகிடிவதை மரபன்று. 1997 இல் இந்நாட்டுப் பல்கலைக்கழகமொன்றிலே தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிர் துறந்தார். மறு ஆண்டே, 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம், அதனைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. படையினரின் சோதனைச் சாவடிகளிலே தலை குனிந்து நின்ற தந்தையரின் பிள்ளைகள், தம்பி தங்கையரைத் தலை குனியச் செய்வதற்கு என்ன நியாயம் கூறுவார்கள்? நாங்களும் பட்டோம் என்பதே அவர்களுடைய ஒரே வாதம். அடிமைத்தனத்தைக் காத்தோர் யாவரும் சொன்ன வாதம் அது.

இன்னொன்று. இவ்வகுப்புகளிலே சிங்கள மாணவரும் முசிலிம் மாணவரும் உங்கள் அருகே இருப்பார்கள். புள்ளியிலே மொழி பார்த்த அநீதியை நாம் அறிவோம். அதே அளவுகோலை அவர்கள்மீது நீங்கள் எடுக்கவேண்டாம்.

யாரேனும் உங்களை வருத்தினால், பெயர் சொல்ல அஞ்சினாலும், வந்து நடந்ததை மட்டும் சொல்லுங்கள். விடுதியிலிருந்து வருவோர் இரவென்றும் பாராது வரலாம். என் அறை கலைப்பீடத்தில் மாடிப்படிக்கு இடப்புறம் உள்ளது. இப்போது நூலகத்தார் உங்களை அழைத்துச் செல்லக் காத்திருக்கிறார்கள். அட்டை பெறுவதற்கு அடையாளப் பத்திரத்தை மறவாது எடுத்துச் செல்லுங்கள்.