தேர்ச்சி விகிதம் மட்டும் போதுமா?

(நம் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளி குறித்து, அறக்கட்டளையின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நமது அறக்கட்டளை சொந்தமாக ஓர் ஆங்கில வழிப் பள்ளி தொடங்க வேண்டும் என்று பலர் கேட்டு வருகிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதை முடிவு செய்யும் முன், நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிக்கும் அரசுப் பள்ளியின் நிறை எது, குறை எது என்று பார்த்துவிட நினைத்தோம். நேரில் போனோம். ஆசிரியர்களிடமும் பிள்ளைகளிடமும் பேசினோம்.

முதலில் நிறைகள். பாடம் நடத்துவோர் பட்டமும் பி.எட்.டும் முடித்தவர்கள். விளையாட்டுத் திடல் இருக்கிறது. மதிய உணவு, பாடநூல், பஸ் பாஸ் எல்லாம் இலவசம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் உண்டு. அப்படிப் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறனறித் தேர்வில் தேர்வாகும் ஏழைப் பிள்ளைக்கு 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் கட்டணத்தோடு இவற்றையும் இழக்கிறோம்.

இனி குறைகள். கணித ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது. ஆய்வகம் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் மதியத்துக்கு மேல் தண்ணீர் வருவதில்லை. அதனால் பல பிள்ளைகள் பகல் முழுவதும் தண்ணீரே குடிப்பதில்லை என்று ஆசிரியைகள் சொன்னார்கள்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் குறைகள். தெரியாத குறை ஒன்று உண்டு. ஆண்டுதோறும் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "பத்தாம் வகுப்பில் எத்தனை சதவீதம்?" ஆறாம் வகுப்பில் 60 பேர் சேர்ந்து, பத்தாம் வகுப்புத் தேர்வை 40 பேர் எழுதி, 40 பேரும் தேறினால் அது நூறு சதவீதம். கைதட்டுகிறோம். மீதி 20 பேர் எங்கே? மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு பள்ளிக்குப் போனவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கழித்துவிடுவோம். செல்போன் கடையிலும் பிரியாணிக் கடையிலும் வேலைக்கு நிற்கும் பையன்களையும், வயதுக்கு வந்ததும் வீட்டோடு நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைகளையும் எந்தக் கணக்கில் எழுதுவது? இந்தக் குறையைப் பள்ளியின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. பாதி நம் வீடுகளில் இருக்கிறது.

புதிய கட்டடம் இந்தப் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டு வராது. கட்டணம் கட்ட முடிந்தவர்கள் அங்கே போய்விடுவார்கள். முடியாதவர்கள் இங்கேயே நிற்பார்கள். பள்ளிக்காகக் குரல் கொடுக்கவும் அப்போது ஆள் குறைந்துவிடும்.

ஆகவே மூன்று காரியங்களை முன்வைக்கிறோம். ஒன்று, நிரந்தர ஆசிரியர் வரும் வரை, தலைமையாசிரியரின் இசைவோடு மாலையில் கணித வகுப்பு நடத்த அறக்கட்டளை பொறுப்பேற்கும். இரண்டு, தெரு வாரியாக, பள்ளியிலிருந்து நின்ற பிள்ளைகளின் பட்டியலை எடுத்து வீடு வீடாகச் சென்று பேசுவோம். மூன்றாவது உங்கள் கையில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். வெளிநாட்டில் சம்பாதிக்கும் அத்தாமார்கள் கூட்டத்துக்கு வர முடியாது. தாய்மார்கள்தான் போக வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் போதாது. தண்ணீர் ஏன் வரவில்லை, ஆசிரியர் எப்போது வருவார் என்று கேட்க வேண்டும், தீர்மானமாக எழுத வைக்க வேண்டும்.

சொந்தப் பள்ளி பற்றிய பேச்சை ஓராண்டு கழித்து எடுப்போம். அன்று தேர்ச்சி விகிதத்தோடு, நின்றுபோன பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்ற கணக்கையும் இதே மன்றத்தில் வைப்போம், இன்ஷா அல்லாஹ்.