பாந்த்ராவில் இல்லாத கிளை



மும்பை கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் லைன் வண்டியில் பாந்த்ரா பக்கம் ஏறினால், அடுத்தது மாஹிம், அதற்கடுத்தது பாந்த்ரா. அந்தப் பாந்த்ராவில் டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக் கடன் நிறுவனத்துக்கு ஒரு கிளை இருந்ததாம், கம்ப்யூட்டரில் மட்டும். கட்டடம் கிடையாது, கவுண்டர் கிடையாது. ஆனால் 2007 முதல் 2019 வரை அதன் பேரில் 2,60,000 வீட்டுக் கடன் கணக்குகள், 14,046 கோடி ரூபாய்க்கு எழுதப்பட்டன என்கிறது சி.பி.ஐ.

யார் பெயரில் தெரியுமா? முன்பே கடன் வாங்கி, கடைசித் தவணை வரை கட்டி முடித்தவர்கள் பெயரில். இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அடைத்த கடன் அல்லவா அது!

1984இல் ராஜேஷ் குமார் வாதவான் மும்பையில் தொடங்கிய நிறுவனம் இது. குறைந்த வருமானக்காரர்கள், சிறு ஊர்க்காரர்கள், வங்கிக்குள் நுழையவே தயங்கியவர்கள், இவர்களுக்குக் கடன் கொடுத்துத்தான் வளர்ந்தது. தாராவியில் பத்துக்குப் பத்து ஒற்றை அறையில் குடும்பம் நடத்துகிறவர்களிடம் கேளுங்கள், சொந்த வீட்டின் அருமையைச் சொல்வார்கள். தந்தை 2000இல் காலமானார். மகன் கபில் வாதவான் பொறுப்பேற்று, நாட்டின் பெரிய வீட்டுக் கடன் நிறுவனங்களில் ஒன்றாக அதை ஆக்கினார்.

சரிவு வேகமாக வந்தது. 2018இல் ஐ.எல்.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம் விழுந்ததும் சந்தையில் பணம் வறண்டது. 2019 ஜூனில் கடன் பத்திரங்களுக்கு வட்டி தவறியது. நவம்பரில் ரிசர்வ் வங்கி இயக்குநர் குழுவைக் கலைத்து, சென்னையின் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் நிர்வாக இயக்குநராக இருந்த ஆர். சுப்பிரமணியகுமாரை நிர்வாகியாக அமர்த்தியது. திவால் சட்டத்தின் கீழ் போன முதல் நிதி நிறுவனம் இதுதான். 2020 ஜனவரியில் அமலாக்கத் துறையும், ஏப்ரலில் யெஸ் வங்கி மோசடி வழக்கில் சி.பி.ஐ.யும் கபிலைக் கைது செய்தன. 17 வங்கிகளை 34,615 கோடி ரூபாய்க்கு ஏமாற்றியதாக 2022இல் இன்னொரு வழக்கு. இவை குற்றச்சாட்டுகள், தீர்ப்பு சொல்ல வேண்டியது நீதிமன்றம்.

ஏழைக்கு வீடு தரும் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தையும் விடவில்லை என்கிறது சி.பி.ஐ. அந்தப் போலிக் கணக்குகளைக் காட்டி 1,887 கோடி ரூபாய் வட்டி மானியம் கேட்கப்பட்டதாம்.

டி.எச்.எஃப்.எல்.லில் வைப்புப் பணம் போட்டவர்களை நினைக்கும்போதுதான் மனம் ஆறவில்லை. மாட்டுங்காவில், செம்பூரில் ஓய்வுபெற்ற நம் தமிழர்கள் எத்தனை பேர் மாதவட்டியை நம்பிக் குடித்தனம் நடத்துகிறார்கள்! வங்கியில் போட்ட பணத்துக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. வீட்டுக் கடன் நிறுவனத்தில் போட்டதற்கு அது கிடையாது. தயவுசெய்து வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். பிரமல் குழுமம் 34,250 கோடிக்கு நிறுவனத்தை வாங்கியபோது, வைப்புதாரர்களுக்கு மொத்தத்தில் வந்து சேர்ந்தது நூற்றுக்குச் சுமார் 23 ரூபாய்.

மோசடிப் பரிவர்த்தனைகளிலிருந்து பின்னால் ஏதாவது மீட்கப்பட்டால்? அதுவும் வாங்கியவருக்கே. அந்த உரிமைக்குப் பிரமலின் திவால் தீர்வுத் திட்டத்தில் வைத்த மதிப்பு ஒரே ஒரு ரூபாய். வைப்புதாரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 ஏப்ரல் 1 அன்று நீதிமன்றம் அந்த ஒரு ரூபாயை உறுதி செய்தது.